முன்னிலை

2023 ஆகஸ்ட். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வருஷா வருஷம் நடக்கிற பொருட்காட்சி. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக வர முயன்றுகொண்டிருந்த விவேக் ராமசாமி, கவர்னர் கிம் ரெனால்ட்ஸுடன் மேடையில் பேசி முடித்த கையோடு மைக்கைப் பிடித்து எமினெமின் 'லூஸ் யுவர்செல்ஃப்' பாட்டை ராப் செய்ய ஆரம்பித்தார். அந்த வீடியோ எனக்கு மூன்று வாட்ஸப் குழுக்களிலிருந்து வந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் ஒன்றில் 'நம்ம ஆளு' என்று இதயக்குறி வேறு. சுமாராகத்தான் பாடினார். ஆனால் வரிகள் நிஜமாகவே மனப்பாடம்.

இரண்டு வாரத்துக்குள் எமினெம் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. அங்கே பாடல்களைப் பொதுவெளியில் இசைக்கும் உரிமையை நிர்வகிக்கும் நிறுவனங்களில் ஒன்று பிஎம்ஐ. எமினெமின் பாட்டுகள் இனி உங்கள் லைசென்ஸில் கிடையாது என்று அது ராமசாமியின் பிரச்சாரக் குழுவுக்குக் கடிதம் அனுப்பியது. அவர்களும் சரி என்று ஒதுங்கிக்கொண்டார்கள். விஷயம் முடிந்தது.

முடிந்ததா என்பதுதான் என் கேள்வி.

லைசென்ஸ் என்பது என் தொழிலில் தினமும் புழங்குகிற வார்த்தை. நான் எழுதி எம்ஐடி லைசென்ஸில் வெளியிடும் நிரலை ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளலாம், ஆயுதம் செய்யும் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் கட்டுப்பாடுள்ள வேறு லைசென்ஸைப் போடலாம். ஆனால் எந்த லைசென்ஸாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. யாரோ ஒருவர் மேடையேறி, "இவர் பாடுவதை நான் கேட்டு வளர்ந்தேன், நான் சொல்வதைத்தான் இவரும் சொல்கிறார்" என்று உரிமை கொண்டாடுவது. ஸ்பீக்கரை நிறுத்தலாம், இந்த உரிமை கொண்டாடலை நிறுத்த முடியாது. நிறுத்துவது சட்டத்தின் வேலையும் இல்லை. ஆகவே இது அறம் சார்ந்த கேள்வியாக மட்டுமே மிஞ்சுகிறது. ஓர் அரசியல்வாதி, தன்னையே குற்றம் சாட்டக்கூடிய ஒரு பாட்டைத் தன் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தினால், அதில் என்னதான் தப்பு?

நாம் உடனே சொல்கிற பதில், "அவனுக்குப் பாட்டு புரியல." இந்தப் பதில் நமக்குச் சுகமாக இருக்கிறது, ஏனென்றால் நமக்குப் புரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆனால் அது நிற்காது. ஆசிரியர் இறந்துவிட்டார் என்று பார்த் 1967இல் சொன்னதை நாம்தான் இருபது வயதில் ஆளாளுக்கு மேற்கோள் காட்டினோம். பிரதிக்கு ஒற்றை அர்த்தம் கிடையாது என்று சண்டை போட்டுவிட்டு, நமக்குப் பிடிக்காத ஆள் ஒரு அர்த்தம் எடுக்கும்போது மட்டும் "பாடினவன் சொன்னது இதில்லை" என்று ஓடிவர முடியாது. தவிர, ராமசாமிக்கு வரிக்கு வரி தெரியும். எமினெம் வளர்ந்த சூழலில் நான் வளரவில்லை, ஆனால் குறைத்து மதிப்பிடப்பட்டவன் என்ற அந்த உணர்வு என்னோடு பேசுகிறது என்ற பொருளில் அவர் பேசியும் இருக்கிறார். அது புரியாதவனின் பேச்சு அல்ல.

பள்ளிக்கூட இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை படித்திருப்போம். நான், நீ, அவன். ஹிப்-ஹாப் அரசியல் பேசும்போது இந்த மூன்றும் வெறும் இலக்கணம் இல்லை. எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வார்த்தையால் மடக்கும் போட்டியில் வளர்ந்த வடிவம் அது. நம் ஊரில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து நின்று பாடும் லாவணி மாதிரி. எதிரில் ஒரு 'நீ' இல்லாமல் அது நடக்காது. போலீஸைப் பற்றி, குடிசையை இடிப்பவனைப் பற்றி, ஓட்டு கேட்டு வந்துவிட்டுப் போனவனைப் பற்றிப் பாடும்போதும், பெயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒரு முன்னிலை அங்கே இருக்கிறது. பாட்டின் அர்த்தம் ஆயிரம் இருக்கட்டும். அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது அவ்வளவு எளிதாக மாறுவதில்லை.

அரசியல்வாதிகள் பாட்டை எடுத்துக்கொள்ளும்போது மாற்றுவது இதைத்தான்.

முதல் வழி, தன்மையில் போய் உட்கார்வது. ராமசாமி செய்தது. 'லூஸ் யுவர்செல்ஃப்' கட்சி அரசியல் பாட்டு இல்லை. ஆனால் '8 மைல்' என்ற 2002ஆம் வருஷப் படத்தில், டெட்ராய்ட் நகரத்தின் டிரெய்லர் வீட்டில் வாழும் தொழிலாளிப் பையனின் கதைக்காக எழுதப்பட்டது. பணமில்லாதவனின் பதற்றம்தான் அதன் உடம்பு. மருந்து கம்பெனி தொடங்கிப் பெரும் கோடீஸ்வரரான ஒருவர் அதில் 'நான்' என்று பாடும்போது, வறுமை கழன்றுவிடுகிறது. ஜெயிக்கும் வெறி மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் படர்க்கைக்குத் தள்ளுவது. குடியரசுக் கட்சி செனட்டராக இருந்து பின்னாளில் வெளியுறவு அமைச்சரான மார்கோ ரூபியோ, 2012இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தனக்குப் பிடித்த ராப் பாட்டுகளைப் பட்டியலிட்டார். என்.டபிள்யூ.ஏ., டூபாக், எமினெம் ஆகியோருடைய பாட்டுகள். என்.டபிள்யூ.ஏ. சாதாரணக் குழு அல்ல. 1988இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் போலீஸைப் பற்றி இருந்த ஒரு பாட்டுக்காக, அடுத்த வருஷமே எஃப்பிஐ அதிகாரி ஒருவர் அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். ரூபியோ இவர்களையெல்லாம் மெச்சிய விதம் கவனிக்கத்தக்கது. அந்தக் காலத்தில் நடந்ததை அவர்கள் செய்தியாளர்களைப் போலச் சொன்னார்கள் என்றார். பாராட்டுதான். ஆனால் குற்றச்சாட்டு செய்தியாகிவிட்டது. செய்தி என்பது எங்கோ, யாருக்கோ, எப்போதோ நடந்தது. அதிலே கேட்பவனுக்கு வேலை இல்லை. 2013இல் அவர் செனட் அவையிலேயே ஜே-ஸியையும் விஸ் கலீஃபாவையும் மேற்கோள் காட்டிப் பேசினார். ராப்பர்கள் அவர் கட்சி விவாதத்துக்குத் துணையாக வந்தார்கள். எதிரில் யாரும் நிற்கவில்லை.

மூன்றாவது வழி நமக்கு ரொம்பப் பக்கம். முன்னிலையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் எதிர்க்கட்சியை உட்கார வைப்பது. 'ஆசாதி' முழக்கத்தைப் பாகிஸ்தான் பெண்களிடமிருந்து கேட்டு இந்தியப் பெண்கள் இயக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கமலா பாசின். ஆணாதிக்கத்திலிருந்து விடுதலை என்று அதைச் சொன்னபோது, சொந்த வீடும் அதில் அடக்கம். 2016இல் டெல்லி ஜேஎன்யூவில் கன்ஹையா குமார் எழுப்பிய பிறகு நாடு முழுக்கப் பரவியது. டப் சர்மா அதற்கு பீட் போட்டார். 2019இல் 'கல்லி பாய்' படத்தில் டிவைனின் ராப்போடு பாட்டாக வந்தது. அந்த மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் காங்கிரசும் பாஜகவும் அதே பாட்டை வைத்து ஒருவரையொருவர் தாக்கி வீடியோ போட்டார்கள். இரண்டு கட்சிக்கும் விடுதலை வேண்டும், மற்ற கட்சியிடமிருந்து.

நீதிமன்றச் செய்திகளில் 'பிறழ்சாட்சி' என்று படிப்போம். சாட்சி தானாகப் பிறழ்வார், அல்லது மிரட்டப்பட்டுப் பிறழ்வார். இங்கே சாட்சியைக் கேட்காமலேயே அவரைப் பிறழ்சாட்சி ஆக்கிவிடுகிறார்கள். சாட்சி சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. கூண்டில் இருந்த ஆள் மட்டும் எழுந்து போய்விட்டார். தப்பு புரிதலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு பலமான எதிர்வாதம் உண்டு. அரசியல்வாதி கேட்க வேண்டும் என்பதற்குத்தானே அந்தப் பாட்டே? கேட்டால் திருடுகிறான், கேட்காவிட்டால் செவிடன் என்றால் அவன் என்னதான் செய்வான்? என்.டபிள்யூ.ஏ.வில் இருந்த ஐஸ் கியூப் இந்தக் கேள்வியை நேரடியாகவே சந்தித்தார். 2018இல் அதிபரைக் கைது செய்யச் சொல்லிப் பாட்டு போட்டவர், 2020இல் கறுப்பின மக்களுக்கான ஒப்பந்தம் என்று ஒரு திட்டத்தை எழுதினார். இரண்டு கட்சிக்காரர்களும் பேசினார்கள், தேர்தலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றது ஜனநாயகக் கட்சி, டிரம்ப் தரப்பு தங்கள் திட்டத்தில் சில மாற்றங்களைச் செய்தது என்பது அவர் சொன்ன விவரம். அக்டோபரில் டிரம்பின் ஆலோசகர் ஒருவர் அவருக்குப் பகிரங்கமாக நன்றி சொன்னார். உடனே ஐஸ் கியூப் டிரம்ப் பக்கம் போய்விட்டார் என்று ஊரே பேசியது. நான் யாரையும் ஆதரிக்கவில்லை, யார் அதிகாரத்தில் இருந்தாலும் பேசுவேன் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவர் பேசப் போனதை நான் தப்பு சொல்லமாட்டேன். கோரிக்கை வைப்பவன் அதிகாரத்தின் கதவைத்தான் தட்ட முடியும். எனக்கு உறுத்துவது அந்த நன்றி. கோரிக்கை நிறைவேறும் முன்பே, தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது வந்த நன்றி. கேட்டதற்கு அடையாளம் ஏதாவது கொடுப்பது. இங்கே அவர்கள் கொடுத்ததைவிட அவர் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது அதிகம்.

சரி, முன்னிலையில் தானே வந்து நிற்கிற அரசியல்வாதி எப்படி இருப்பார்? எனக்குத் தெரிந்த பக்கத்து உதாரணம் ஒபாமா. 2015இல் தனக்குப் பிடித்த பாட்டு என்று அவர் சொன்னது கென்ட்ரிக் லமாரின் 'ஹவ் மச் எ டாலர் காஸ்ட்'. தென்னாப்பிரிக்காவில் ஒரு பெட்ரோல் பங்க். பணக்காரப் பாடகனிடம் ஒருவர் கையேந்துகிறார். இவன் சந்தேகப்பட்டு, எரிச்சல்பட்டு, மறுக்கிறான். வந்தவர் கடவுள். நம் கதைகளில் சிவன் ஓடேந்தி வருவதுபோல. இந்தப் பாட்டின் விசேஷம், இதில் 'நான்' என்பவனே குற்றவாளி. தன்மையில் போய் உட்கார்ந்தாலும் தப்பிக்க முடியாது. அந்த ஆல்பத்தின் அட்டையிலோ, வெள்ளை மாளிகைக்கு முன்னால் கறுப்பின ஆண்களும் சிறுவர்களும் கூட்டமாக நிற்கிறார்கள். அந்த மாளிகையில் அப்போது குடியிருந்தவர் தேர்ந்தெடுத்த பாட்டு இது. கையேந்தியவரை மறுத்த அந்த 'நான்' தானும்தான் என்று கேட்டாரா, இல்லை நல்ல ரசனை என்று பெயர் வாங்கினாரா? வெளியிலிருந்து சொல்ல முடியாது. பிடித்த பாட்டு எது என்று அறிவிக்கக் காசு செலவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் இது அரசியல்வாதிகளைப் பற்றிய கட்டுரையாக இருந்திருக்கும்.

2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு சென்னையில் முதல் கச்சேரி செய்தது. அவர்கள் இடஒதுக்கீடு பற்றிப் பாடிய பாட்டை ஓஎம்ஆர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டேன். மயிர்க்கூச்செறிந்தது. நான் அந்தப் பாட்டின் ஆள் என்று சத்தியமாக நம்பினேன். ஆபீஸில் மெரிட் பேச்சு வந்தால் அந்தப் பாட்டை அனுப்பி வாயடைப்பேன். அப்படியே என் காலேஜ் ரூம்மேட்டுக்கும் அனுப்பினேன், நாலு நெருப்பு எமோஜியோடு.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "பாட்டு செம மச்சான். அதுல நீ வர்ற எடத்தையும் கேட்டியா?"

முதலில் சிரித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. முதல் வருஷம், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்-ஆஃப் பற்றிய பேச்சு. "உனக்கென்னப்பா, கோட்டா" என்று நான் சொன்னது. ஒரு தடவை இல்லை. இன்டர்னல் மார்க் வரும்போதெல்லாம், அவன் எனக்கு மேலே வாங்கினபோதுகூட. அவனும் சிரிப்பான். சிரித்ததால் அது ஜோக் என்று வைத்துக்கொண்டேன். எட்டு செமஸ்டர்.

ராமசாமிக்கும் எனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கும் வரிகள் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். நான் தன்மையில் உட்கார்ந்துகொண்டு, முன்னிலையில் ஆபீஸ்காரர்களை உட்கார வைத்திருந்தேன். என் இருக்கை எது என்று சொல்ல, என்னை அறிந்த ஒருவன் வேண்டியிருந்தது. அரசியல்வாதிகளுக்கு அப்படிச் சொல்ல அருகில் ஆள் வைத்துக்கொள்வது வழக்கமில்லை. எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்தான்.

வாட்ஸப்பில் பதில் மூன்று தடவை டைப் செய்து அழித்தேன். ஒரு வாரம் கழித்து போன் செய்தேன். அவன் பெண்ணுக்கு ஸ்கூல் அட்மிஷன் அலைச்சலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நடுவில் தடுமாறி, "அப்ப நான் பேசினதெல்லாம் தப்புடா, சாரி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, விடு" என்றான். மன்னித்தானா, பேச்சை மாற்றினானா, தெரியாது. திரும்பக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அந்தப் பாட்டை இப்போதும் கேட்கிறேன். யாருக்கும் அனுப்புவதில்லை.