கமண்டலத்து மீன்



ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் மத்ஸ்யாவதாரக் கதை வருகிறது. திராவிட நாட்டு மன்னனான சத்தியவிரதன், கிருதமாலை நதியில் நின்று நீர்க்கடன் செய்துகொண்டிருந்தான். அந்நதி மதுரையை ஒட்டி ஓடியது என்பது பெரியோர் வாக்கு. மன்னன் கையில் அள்ளிய நீரில் ஒரு சிறு மீன் வந்தது. அதை அவன் ஆற்றிலேயே விட்டான். ‘பெரிய உயிர்கள் என்னைத் தின்றுவிடும், கைவிடாதே’ என்று அது இறைஞ்சியது. மனமிரங்கிய மன்னன் அதைக் கமண்டலத்தில் இட்டுத் தன் ஆசிரமத்திற்குக் கொண்டுசென்றான். ஒரே இரவில் கமண்டலம் அதற்குப் போதாமல் போயிற்று. பெரிய பாத்திரம், பின்னர் ஏரி, முடிவில் கடல் என மீன் வளர வளர அதற்கு இடம் தந்துகொண்டே போனான் அம்மன்னன். பிரளயம் வந்தபோது, அந்த மீனே ஓடத்தை இழுத்துச் சென்று அவனையும் ரிஷிகளையும் வித்துக்களையும் காத்தது.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. தன்னிடம் வந்தது பகவான் என்பதை மன்னன் அப்போது அறியான். ஒரு சிற்றுயிர் அடைக்கலம் கேட்டது, அவன் கொடுத்தான். அவ்வளவே. அறிந்தபின் செய்வது வழிபாடு. அறியாதபோதே செய்வது தர்மம். வழிபாட்டிற்கு வாசலாக அமைவது அந்தத் தர்மமே.

இந்தக் கதையை இன்று அல்சூரில் அமர்ந்து சிந்திப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அலையோசை இங்கே கேட்பதில்லை. ‘கடலைக் காப்பது கரையில் வாழ்வோர் கடமை, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று ஒருவர் கேட்கலாம்.

அல்சூர் ஏரியிலிருந்து வழியும் நீர் எங்கே செல்கிறது என்று பாருங்கள். அது பெல்லந்தூர் ஏரியை அடைகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பிறகு தட்சிண பினாகினி ஆற்றிற்கும் போகிறது. அவ்வாற்றையே தமிழகத்தில் தென்பெண்ணை என்கிறோம். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எனக் கடந்து, கடலூர் அருகே அது வங்கக் கடலில் கலக்கிறது. ஆக, அல்சூர் ஏரிக்கரையில் நிற்பவன் கடற்கரையில்தான் நிற்கிறான். இடைத்தூரம் சற்று நீண்டது, அவ்வளவே.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் புகுந்து, நீரிலிருந்த பிராணவாயு குன்றி, அவை மூச்சற்றுப் போயின. அடுத்த ஆண்டில் பெல்லந்தூர் ஏரியிலோ தீயே பற்றி எரிந்தது. சோப்பும் சலவைத்தூளும் கலந்த நீரின் வெண்ணுரை கெலவரப்பள்ளி வரை சென்றதைக் கண்டோர் பலர். சத்தியவிரதனிடம் அந்தச் சிறு மீன் எதைக் கேட்டதோ, அதையே அல்சூர் மீன்களும் நம்மிடம் கேட்டன. நம் காதில் அது விழவில்லை.

கேட்ட காதுகள் உண்டு. குஜராத்தின் சௌராஷ்டிரக் கடலில் திமிங்கிலச் சுறா என்ற பேருயிர் உண்டு. மீன் இனத்திலேயே மிகப் பெரியது. மனிதருக்குத் தீங்கு செய்யாதது. அதன் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் அதை வேட்டையாடி வந்தனர். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் சட்டம் வந்த செய்தியே பல மீனவர்களை எட்டவில்லை. 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்தில், ராமகதை சொல்லும் மொராரி பாபு அவர்கள் மீனவ மக்களிடம் பேசினார். பிரசவத்திற்காகத் தாய்வீடு வரும் மகளாக அந்த உயிரை எண்ணச் சொன்னார். சட்டம் தொடாத இடத்தை அந்தச் சொல் தொட்டது. வீடு தேடி வந்த பெண்ணைக் கொல்வார் உண்டா? வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்தனர். வலையின் இழப்பிற்கு அரசு ஈடு தரும் ஏற்பாடும் பின்னர் வந்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் இவ்விதம் உயிருடன் கடலுக்குத் திரும்பின.

வலை என்பது மீனவனுக்கு வெறும் பொருள் அன்று. அது பிள்ளைகளின் சோறு. அதை அறுப்பது தியாகம். வேள்வியில் இடும் ஆகுதிக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

நம் தமிழகக் கரையிலும் இத்தகையோர் இருக்கின்றனர். பாக் விரிகுடாவில் கடற்பசு வாழ்கிறது. ஆவுளியா என்று மீனவர்கள் அதை அழைப்பர். அது கடற்புல்லை மேய்ந்து வாழும் சாது. வலையில் அகப்பட்ட கடற்பசுவைப் பத்திரமாக விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்து வருகிறது. 2022 செப்டம்பரில் அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. சென்னையில் மாணவர்களின் அமைப்பு ஒன்று 1988 முதல் பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. இரவெல்லாம் மணலில் நடக்கும் அப்பிள்ளைகள் மீன்பிடித் தொழிலில் பிறந்தவர்கள் அல்லர்; நம்மைப் போன்ற நகரவாசிகள்.

ஆனால் ஒன்றை நினைக்க வேண்டும். மீனவன் வலையை அறுத்து ஆவுளியாவை விடுவிக்கலாம்; அது மேயும் கடற்புல்லை அவன் ஒருவனால் காக்க இயலாது. நீர் கலங்கி, வெயில் அடியில் இறங்காவிடில் புல் அழியும். அந்தக் கலக்கம் பெரும்பாலும் நிலத்திலிருந்து வருவது. ஒவ்வொரு கரைக்கும் ஓர் ஆறு உண்டு. ஒவ்வோர் ஆற்றிற்கும் மேலே ஓர் ஊர் உண்டு. கரையில் இருப்பவன் தன் பங்கைத் தந்துவிட்டான். மேலே இருக்கும் நாம் தர வேண்டிய பங்கு இன்னும் பாக்கி நிற்கிறது.

சாஸ்திரங்கள் இல்லறத்தானுக்கு ஐந்து வேள்விகளை விதித்தன. அவற்றுள் ஒன்று பூத யக்ஞம். எல்லா உயிர்களுக்கும் உணவில் பங்கு வைப்பது அது. பங்கு வைக்க இயலாவிடினும், அவற்றின் உணவிலும் நீரிலும் நஞ்சு வைக்காதிருப்பது அதன் முதற்படி.

விநாயக சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரையே வாங்குவோம். சாயம் பூசாத திருமேனியே நீரில் கரைந்து மண்ணோடு மண்ணாகும். ஏரிக்குள் இறங்காமல், அதன் ஓரத்தில் கரைப்பதற்கென்றே அமைந்த கல்யாணிக் குளத்தில் அவரை வழியனுப்புவோம். மாலைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் முன்னதாகவே களைந்து வைப்போம். வீட்டுக் குப்பையை ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாயில் எறியாதிருப்போம். சலவைத்தூளை அளந்து இடுவோம். செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நம் ஊர் ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ கூடுவோம்.

‘கழிவுநீரைச் சுத்திகரிப்பது அரசின் வேலையன்றோ?’ என்பது நியாயமான கேள்வி. ஆம், ஒரு வீட்டால் ஆகாத காரியம்தான் அது. ஆதலால்தான் ஊர் கூடிக் கேட்க வேண்டும். கேட்டதைச் செய்கிறார்களா என்று இருந்து பார்க்கவும் வேண்டும். தெருவே சேர்ந்து தேர் இழுக்கும் மரபு நம்முடையது. ஏரிக்காகச் சேர்ந்து நிற்பதும் வடம் பிடிப்பதே ஆகும்.

இங்கே அல்சூர் ஏரிக்கு அருகில் திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. குமரி முனையில் கடல் நடுவே, 133 அடி உயரத்தில், 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து அவரே நிற்கிறார். கடவுள் வாழ்த்திற்கு அடுத்த அதிகாரமாக மழையை வைத்தவர் அவர். ஏரியும் கடலும் ஒரே நீர் என்பதை நமக்கு நினைவூட்டவே இரண்டு இடத்திலும் நிற்கிறாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கடல் பெரிது, நம் கை சிறிது. சத்தியவிரதனும் கடலைக் காக்கப் புறப்படவில்லை. கையில் வந்த ஒரு மீனை மட்டும் கைவிடாதிருந்தான். நம் கைக்கு எட்டிய நீரை நாம் கைவிடாதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.