விரதமும் மருந்தும்

வழமையாக இம்மலரில் நான் திருப்பணிக் கணக்கையும் நன்றியுரையையுமே எழுதுவதுண்டு. இம்முறை நான் செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு, அதனால் கற்றுக்கொண்டவற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

2019ஆம் ஆண்டு கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல் நாள், எமது ஊர் அக்கா ஒருவர் மடைப்பள்ளி வாசலில் என்னைக் கண்டு, "தம்பி, நான் பிறசருக்குக் குளிசை போடுறனான். விரதத்திலை போடலாமோ?" என்று கேட்டார். நான் சற்றும் யோசியாமல், "உபவாசமெண்டால் உபவாசம்தானே அக்கா. ஆறு நாளைக்கு முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்று சொல்லிவிட்டேன்.

அரசாங்கத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றிய காலத்தில், எனது அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட கடிதம் ஒன்று வந்தால் உரிய உத்தியோகத்தருக்கு அனுப்பி வைப்பேனேயன்றி ஒருபோதும் நானாகப் பதில் எழுதியதில்லை. கோயில் வாசலில் அந்த ஒழுங்கை மறந்துவிட்டேன். தருமகர்த்தா என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று அவர் நம்பினார். நானும் அப்படியே நினைத்துவிட்டேன்.

அக்கா ஆறு நாளும் குளிசையைத் தொடவில்லை. சூரன்போர் அன்று தலையிடி என்றார். பசிக்களை என்று சொல்லி விபூதி பூசிவிட்டோம். மறுநாள் பாறணைக்குக் குளிக்கச் சென்றவருக்குக் கிணற்றடியில் வலக்கை உயரவில்லை, வாய் ஒருபக்கம் கோணியது, பேச்சுக் குழறியது. சற்று ஆறினால் சரிவரும் என்று வீட்டார் மத்தியானம் வரை பார்த்திருந்தனர். வைத்தியசாலையில் அளந்தபோது இரத்த அழுத்தம் 210. உயிர் தப்பினார். ஆயினும் வீதி சுற்றிக் கும்பிட்ட கால்கள் இன்று வீட்டு விறாந்தையைத் தாண்டுவதில்லை. கோயில் மணி கேட்டு அங்கிருந்தே கைகூப்புகின்றார். என்னை அவர் ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. நான் பிரசாதம் கொண்டு போகும்போதெல்லாம், "தம்பி, நீ குளிசை போட்டிட்டியோ?" என்றே கேட்கின்றார்.

அடியார்களே, விரதம் என்றால் என்ன? நாவலர் பெருமான் தமது சைவ வினாவிடையில் விரதத்துக்கு விளக்கம் கூறும்போது, உணவை முற்றாக விடுதல், குறைத்துக்கொள்ளுதல் ஆகிய இரண்டுக்கும் இடமளித்தே கூறியுள்ளார். மனம் புலன்வழி ஓடாமல் நின்று, மனம், வாக்கு, காயம் மூன்றினாலும் இறைவனை வழிபடுவதே நோக்கம். கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு, சஷ்டியன்று உபவாசம் இருக்கலாம் என்றும் வழிகாட்டியுள்ளார். இயலாதவருக்கு இரங்கிய சமயம் எமது சமயம். இரக்கமில்லாமல் பேசியது நான்தான்.

உடம்பை இழிவென்று முன்பு எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதாகத் திருமூல நாயனார் திருமந்திரத்தில் கூறுகின்றார். கருங்கற் கோயிலில் ஒரு வெடிப்புக் கண்டால் உடனே திருப்பணிச் சபை கூட்டுகின்றோம். இந்த உடம்பாகிய கோயிலில் வெடிப்புக் கண்டால் மட்டும் அடுத்த வருடம் பார்ப்போம் என்கின்றோம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதன் இறுதிக் குறளில் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பராமரிப்பவர் என நான்கு கூறுகளைச் சொல்கின்றார். அந்த நான்கினுள் தருமகர்த்தாவுக்கு இடமில்லை. ஆதலால் வைத்தியர்களிடம் நான் கேட்டறிந்தவற்றையே கீழே தருகின்றேன்.

இரத்த அழுத்தக் குளிசையை ஒரு நாளேனும் தாமாக நிறுத்தலாகாது. பிறசர் கூடியிருப்பது பெரும்பாலும் உடம்பில் தெரியாது. சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஒரு மிடறு தண்ணீரோடு குளிசை விழுங்குவதால் பக்தி குறைந்துவிடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து இருபக்கமும் உண்டு. மருந்தை நிறுத்தினால் சீனி ஏறும். இன்சுலின் ஊசியையோ சில வகைக் குளிசைகளையோ வழமையான அளவில் எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் சீனி இறங்கும். 70இற்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கைகால் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். திருவிழாக் கூட்டத்தில் இதைக் கண்டு 'அருள் வந்திட்டுது' என்று விலகி நிற்காதீர்கள். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை.

முகம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ பூசை முடியட்டும் என்று காத்திராமல் உடனே அழையுங்கள். மூளைக் குழாயில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து சில பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. ஆனால் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பயன். எமது அக்காவுக்கு அந்த நேரம் கிணற்றடியிலும் விறாந்தையிலும் கழிந்துவிட்டது.

ஆகவே சஷ்டிக்கோ கௌரி காப்புக்கோ விரதம் பிடிக்க எண்ணுவோர், இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே கிளினிக் கொப்பியுடன் சென்று, "டொக்டர், நான் விரதம் இருக்கப்போறன்" என்று சொல்லுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றவேண்டுமாயின் அவரே மாற்றித் தருவார். உபவாசம் வேண்டாம் என்றால் பாலோ பழமோ ஒருபொழுதோ உண்டு விரதம் காருங்கள். அதுவும் விரதமே. வீட்டிலுள்ள பிள்ளைகளும், "அம்மா, குளிசை போட்டனீங்களோ?" என்று தினமும் கேட்கவேண்டும். வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு நீங்கள்தான்.

இனி யாராவது இக்கேள்வியை என்னிடம் கேட்டால், "வைத்தியரைக் கேளுங்கோ, அவர் சொன்னபடி செய்யுங்கோ, பிறகு கோயிலுக்கு வாங்கோ" என்பதே எனது பதில். அக்காவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முருகன் சந்நிதியிலும் கேட்டுவிட்டேன். என் சொல்லை நம்பி மருந்தை விட்டவர்கள் வேறு எவரேனும் இருந்தால் அவர்களிடம் இம்மலர் வாயிலாகக் கேட்கின்றேன்.

அடியார்கள் அனைவரும் நோய் நொடியின்றி அவன் வீதியைப் பல்லாண்டு வலம்வர முருகப்பெருமானின் பாதாரவிந்தங்களைப் பணிந்து அமைகின்றேன்.

சுபம்