பாடங்கள் பல, பொருள் ஒன்று

புனே நகரில் ஒரு மாலை சத்சங்கம் முடிந்து, அனைவரும் பிரசாதம் பெற்றுக் கலைந்துகொண்டிருந்தனர். ஓர் இளைஞர் மட்டும் தயங்கி நின்றார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். மருத்துவமனைகளில் மருந்தின் அளவைக் கணக்கிட உதவும் ஒரு மென்பொருளை அவருடைய குழு உருவாக்கி வந்தது. சோதனைகள் பாதிதான் முடிந்திருந்தன. ஆனால் முழுவதும் முடிந்துவிட்டதாகக் கையெழுத்திட்டுத் தரும்படி மேலதிகாரி கேட்டிருக்கிறார். இவருக்கு மனம் ஒப்பவில்லை. நண்பர்களிடம் சொன்னபோது அவர்கள் சிரித்தார்களாம். "உண்மை என்று தனியாக ஒன்று எங்கே இருக்கிறது? உனக்கு ஒன்று உண்மை, அவருக்கு வேறொன்று உண்மை. எல்லாம் பார்க்கிறவரைப் பொறுத்தது" என்றார்களாம்.

அந்த இளைஞர் படித்தவர், சிந்திப்பவர். "சுவாமிஜி, நம் சாஸ்திரங்களும் இதையே சொல்லவில்லையா? மெய்ப்பொருள் ஒன்றை ஞானியர் பலவாறு கூறுவர் என்கிறது வேதம். சமணரின் அநேகாந்தவாதமும், குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையும் அதைத்தானே சொல்கின்றன? அப்படியிருக்க, என் மனம் ஏன் உறுத்துகிறது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டும் அன்று. வீட்டில் பிள்ளைகள் கேட்கிறார்கள்; கல்லூரியில் மாணவர்கள் கேட்கிறார்கள். ஆகவே இதைச் சற்று ஆழ்ந்து ஆராய்வோம்.

தன்னையே வெட்டும் வாள்

எல்லா உண்மையும் பார்ப்பவரைச் சார்ந்ததே என்னும் கொள்கையைத் தத்துவத் துறையில் சார்புவாதம் என்பர். இது புதியது அன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த புரோட்டகோரஸ், அனைத்துக்கும் மனிதனே அளவுகோல் என்று போதித்தார். பிளேட்டோ தமது 'தியாயிட்டிடஸ்' என்னும் உரையாடல் நூலில் இக்கொள்கையை எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்து மறுத்தார்.

அந்த மறுப்பின் சாரம் எளியது. "எல்லாம் சார்பே" என்று ஒருவர் சொல்கிறார். அந்தக் கூற்று அனைவருக்கும் உண்மையா, அவருக்கு மட்டும் உண்மையா? அனைவருக்கும் உண்மை என்றால், சார்பற்ற உண்மை ஒன்று இருப்பதை அவரே ஒப்புக்கொண்டு விட்டார். அவருக்கு மட்டுமே உண்மை என்றால், அதை நாம் ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த வாள் பிடித்தவர் கையையே வெட்டுகிறது.

"அறிவியலே சார்பியல் என்றுதானே சொல்கிறது?" எனச் சிலர் கேட்பதுண்டு. பெயரைக் கண்டு மயங்கலாகாது. ஐன்ஸ்டீன் 1905-ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கையின்படி காலமும் தூரமும் அளப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து வேறுபடுகின்றன. ஆனால் இயற்கையின் விதிகளும் வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் சீராக இயங்கும் எல்லோருக்கும் ஒன்றே என்பதுதான் அக்கொள்கையின் அடித்தளம். மாறுபவற்றை அளந்து சொல்வதற்கும் மாறாத ஒன்று தேவைப்படுகிறது.

குருடர்கள் செய்த பிழை

இனி, யானைக் கதைக்கு வருவோம். ஒருவர் காலைத் தொட்டுத் தூண் என்றார். ஒருவர் காதைத் தொட்டு முறம் என்றார். ஒருவர் வாலைத் தொட்டுக் கயிறு என்றார். "ஆகவே எல்லோரும் சொன்னது சரி" என்று நாம் கதையை முடித்துவிடுகிறோம். கதை சொல்வது அதுவா? யானை தூணும் அன்று, முறமும் அன்று, கயிறும் அன்று. ஒவ்வொருவரும் தொட்டது உண்மை. முடிவு கட்டியது தவறு. அங்கு நின்றது ஒரே யானை. ஒவ்வொருவருக்கும் ஒரு யானை இருந்திருந்தால் அவர்களுக்குள் சச்சரவே எழுந்திராது.

அவர்கள் செய்த பெரும்பிழை குருடராக இருந்தது அன்று. நின்ற இடத்தை விட்டு யாரும் ஓர் அடியும் நகரவில்லை என்பதே பிழை. காலைத் தொட்டவர் இரண்டடி நடந்து காதையும் தொட்டிருக்கலாம். அருகிலிருப்பவரிடம், "நீ தொட்ட இடத்தை எனக்கும் காட்டு" என்று கேட்டிருக்கலாம்.

சமணப் பெரியோர்கள் வகுத்த அநேகாந்தவாதம் இதைத்தான் கற்பிக்கிறது. பொருள் பல தன்மைகளை உடையது. ஒரு கூற்று ஒரு நோக்கில் இருந்து சொல்லப்படுவது. அவர்கள் பயன்படுத்தும் 'ஸ்யாத்' என்னும் சொல்லுக்குப் 'போலும்' என்றோ, 'ஒருவேளை' என்றோ பொருள் கொள்வது பிழை. 'ஒரு குறிப்பிட்ட நோக்கில்' என்பதே அதன் பொருள். மண் என்ற நோக்கில் குடம் நிலையானது. குடம் என்ற வடிவத்தின் நோக்கில் அது அழிவது. இவ்விரண்டும் அந்தந்த நோக்கில் உறுதியான உண்மைகள். விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடியவை அல்ல. அநேகாந்தம் உண்மையைத் தளர்த்துவது இல்லை. நம் பேச்சை மேலும் துல்லியமாக்குகிறது.

புனே காட்டிய வழி

இவ்வாறு பல நோக்குகளையும் மதித்து, அதே வேளையில் உண்மையைக் கைவிடாமல் இருப்பது நடைமுறையில் இயலுமா? இயலும் என்பதற்கு அந்த இளைஞர் வாழும் நகரிலேயே ஒரு சான்று இருக்கிறது. பேரறிஞர் ராமகிருஷ்ண கோபால பண்டார்க்கரின் பெயரால் 1917-ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று புனேயில் தொடங்கப்பட்ட பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமே அது.

மகாபாரதம் பாரத நாடெங்கும் பரவியது. காஷ்மீரத்தில் சாரதா எழுத்திலும், வங்கத்தில் வங்க எழுத்திலும், கேரளத்தில் மலையாள எழுத்திலும், நம் தமிழகத்தில் கிரந்த எழுத்திலும் பிரதி செய்யப்பட்டது. ஒரு பிரதியில் இருக்கும் சுலோகம் மற்றொன்றில் இல்லை. ஒரே சுலோகத்தில் சொல் வேறு, வரிசை வேறு. இவற்றை எல்லாம் ஒப்பிட்டுச் செம்பதிப்பு ஒன்றை உருவாக்கும் பணி 1919-இல் தொடங்கியது. 1925-இல் வி. எஸ். சுக்தாங்கர் தலைமைப் பதிப்பாசிரியரானார். 1943-இல் அவர் மறைந்தபின் எஸ். கே. பெல்வல்கரும், அவருக்குப்பின் பி. எல். வைத்யாவும் பணியைத் தொடர்ந்தனர். ஒப்பிடப்பட்ட சுவடிகள் 1,259. ஒவ்வொரு சுலோகத்தையும் எழுத்தெழுத்தாகக் கட்டங்களில் எழுதி வேறுபாடுகளைக் குறித்தனர். தென்னாட்டுப் பிரதிகளை ஒப்பிடும் பணியில் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகமும் பங்குகொண்டது. 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று, குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் பணி நிறைவு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைப்பு!

அவர்கள் "எல்லாப் பாடங்களும் சமமே, விரும்பியதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்திருக்கும். "எங்கள் ஊர்ப் பிரதியே சரி, மற்றவற்றை ஒதுக்குங்கள்" என்றிருந்தாலும் ஒரு நாளில் முடிந்திருக்கும். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை. எல்லாச் சுவடிகளையும் கேட்டார்கள், எடை போட்டார்கள், தீர்மானித்தார்கள். தேர்ந்த பாடத்தை மேலே அச்சிட்டார்கள். ஏனைய பாடங்களைத் தூக்கி எறியாமல் பக்கத்தின் அடியில் கொடுத்தார்கள்.

வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற கதை நம் உள்ளத்துக்கு எவ்வளவு நெருக்கமானது! புனேயோ விநாயகரின் நகரம். கசபா கணபதியே அவ்வூரின் கிராம தேவதை. அந்த நகரில் அமர்ந்துதான் அப்பதிப்பாசிரியர்கள், சுவடிகளின் சான்றின்படி அந்தக் கதை பிற்காலச் சேர்க்கை என்று முடிவு செய்து, அதை மூலத்தில் சேர்க்காமல் பிற்சேர்க்கையில் வைத்தார்கள். விருப்பம் ஒரு பக்கம் இழுத்தாலும் சான்று காட்டிய பக்கமே நின்றார்கள். இதனால் விநாயக பக்திக்கு ஒரு குறையும் நேரவில்லை. உண்மையைக் கண்டு பக்தி அஞ்சவேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஐயத்துக்கு இடமான சொற்களின் கீழே அவர்கள் ஓர் அலைக்கோடு இட்டார்கள். இது வியாசரின் மூலமே என்று சுக்தாங்கர் உரிமை கொண்டாடவில்லை. கிடைத்திருக்கும் சுவடிகளைக்கொண்டு எட்டக்கூடிய மிகப் பழைய வடிவம் என்றே அடக்கத்துடன் கூறினார். எல்லாச் சொற்களின் கீழும் அலைக்கோடு இடுபவர் சார்புவாதி. எந்தச் சொல்லின் கீழும் அலைக்கோடு இடாதவர் வெறியர். வேண்டிய இடத்தில் மட்டும் இடுபவரே உண்மையை நாடுபவர்.

பொது உண்மை இல்லையென்றால்

சார்புவாதம் சகிப்புத்தன்மையை வளர்க்கும் என்று பலர் நம்புகின்றனர். அவர்களுடைய நோக்கம் நல்லது. ஆயினும் சிந்தித்துப் பாருங்கள். உண்மை ஒவ்வொரு குழுவின் சொந்தச் சொத்து என்றால், இரு குழுக்கள் மோதும்போது எதைக் காட்டி வழக்கைத் தீர்ப்பது? சான்று செல்லாது, வாதம் செல்லாது. மிஞ்சுவது கைபலம் ஒன்றே.

2004-ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்று, ஒரு வரலாற்று நூலைப் பற்றி எழுந்த சினத்தால், ஒரு கும்பல் இதே பண்டார்க்கர் நிறுவனத்தில் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் சேதப்படுத்தியது. மனம் புண்பட்டவர்கள் மறுப்பு எழுதலாம், சான்று கேட்கலாம், நீதிமன்றம் செல்லலாம். அந்தச் சுவடிகள் யாருக்கும் பகையல்ல. எல்லோருக்கும் பொதுவான சாட்சிகள். சாட்சியை அடிப்பவர் தம் வழக்கையும் சேர்த்தே இழக்கிறார். வலிமை குறைந்தவனுக்குப் பொது உண்மையே இறுதிப் புகலிடம். அதை இல்லையென்று ஆக்கினால், முதலில் நசுங்குபவன் அவனே.

சூழ்நிலைக்கேற்பத் தர்மம் மாறாதா?

"ஆனால் தர்மம் இடத்துக்கு இடம் மாறுகிறதே?" என்று கேட்கலாம். இக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் புனேயின் லோகமான்ய திலகர். மாண்டலே சிறையில் 1910-11-இல் அவர் எழுதி, 1915-இல் வெளிவந்த 'கீதா ரகசியம்' நூலின் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியதே. அகிம்சை, வாய்மை போன்ற அறங்களுக்குச் சாஸ்திரங்களே கூறும் விதிவிலக்குகளை அங்கே ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார்.

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் பகவான் கிருஷ்ணர் அர்ஜுனனுக்குக் கௌசிகரின் கதையைச் சொல்கிறார். எப்போதும் உண்மையே பேசுவதாக விரதம் பூண்டவர் கௌசிகர். கள்வருக்கு அஞ்சிய மக்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். கள்வர் வந்து வினவ, கௌசிகர் அவர்கள் சென்ற வழியைக் காட்டினார். அம்மக்கள் கொல்லப்பட்டனர். கௌசிகர் நரகம் எய்தினார்.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, பொய்யும் சரிதான்" என்பவர் உண்டு. கதை சொல்வது அதுவன்று. சொல்லின் எழுத்தைக் காப்பாற்றிய கௌசிகர், அந்த விரதத்தின் உயிரான பிறர் நலத்தைக் கைவிட்டார். விதி மாறலாம், விதியின் உயிர் மாறுவதில்லை. திலகரும் அங்கேயே நின்றுவிடவில்லை. எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காணும் தூய்மையான சமபுத்தியே செயலின் உரைகல் என்று நிறுவுகிறார். நம் வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், மாசில்லாத நன்மை பிறருக்கு விளையும்போது மட்டுமே பொய்க்கு வாய்மையின் இடத்தைத் தருகிறார். தெரிந்தே பொய் சொன்னவனை அவனுடைய உள்ளமே வருத்தும் என்று அதே அதிகாரத்தில் எச்சரிக்கவும் செய்கிறார்.

ஆகவே விதிவிலக்கைத் தேடும்போது நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விலக்கு யாருக்காக? அஞ்சி ஓடியவரைக் காப்பதற்கா, நம் பதவியைக் காப்பதற்கா?

விளக்கைக் கொண்டுவாருங்கள்

வேதாந்தத்தில் அடிக்கடி கூறப்படும் உவமையை நினைவுகூர்வோம். அந்தி மங்கலில் வழியில் ஏதோ கிடக்கிறது. ஒருவர் பாம்பு என்கிறார். ஒருவர் மாலை என்கிறார். ஒருவர் நிலத்தின் வெடிப்பு என்கிறார். அவர்கள் வாக்கெடுப்பு நடத்துவதால் பயனில்லை. "உனக்குப் பாம்பு, எனக்கு மாலை" என்று சமாதானம் செய்துகொண்டாலும் ஒருவரின் நடுக்கம் தீராது. ஒரு விளக்கு வந்தால் போதும். கயிறு கயிறாகவே தெரியும். மூன்று பார்வைகளும் அந்த ஒன்றைப் பற்றியே எழுந்தவை என்பதும் அப்போது விளங்கும். மெய்ப்பொருளை ஞானியர் பலவாறு கூறுவர் என்ற வேத வாக்கின் கருத்தும் இதுவே. பெயர்கள் பல, பெயர் பெற்றது ஒன்று.

அந்த இளைஞரிடம் நான் அன்று கூறியதை உங்களுக்கும் கூறுகிறேன். "மெய்ப்பொருளை அறிந்துவிட்டேன் என்ற செருக்கு வேண்டாம். உமக்குத் தெரியாத இடத்தில் அலைக்கோடு இடும். மேலதிகாரியின் நெருக்கடியைப் பொறுமையாகக் கேளும். அவருக்கும் ஒரு நோக்கு இருக்கும். ஆனால் சோதனை முடிந்ததா, இல்லையா என்பது நோக்கு அன்று. அது முடியவில்லை. அதன் கீழே அலைக்கோடு இட இடமில்லை. அந்த மென்பொருள் சொல்லும் அளவை நம்பி ஒரு செவிலியர் மருந்தை ஊசியில் ஏற்றுவார். அந்த நோயாளியின் உடலில் மருந்து வேலை செய்வது நம் கருத்தைச் சார்ந்தது இல்லை. உம் மனம் உறுத்துவது பலவீனம் அன்று. அது உமக்குள் எரியும் விளக்கு."

அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "வேலை போய்விட்டால்?" என்று மெல்லக் கேட்டார். "போகலாம்" என்றேன். அதைக் குறைத்துச் சொல்வதும் பொய்யாகும் அல்லவா? "ஆனால் முடிந்தது எது, முடியாதது எது என்று அப்படியே எழுதி, அதன்கீழ்க் கையெழுத்திடும். அதை நீர் எந்தக் காலத்திலும் மறைக்க வேண்டியிராது" என்றேன். வணங்கி விடைபெற்றுச் சென்றார்.

அன்பர்களே, பிறர் பார்வையைக் கேட்கும் பணிவும், கேட்டபின் உண்மையின் பக்கம் நிற்கும் துணிவும் ஒரு பறவையின் இரு சிறகுகள். ஒன்று ஒடிந்தாலும் பறத்தல் இல்லை. நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகர்ந்து யானையைத் தொட்டுப் பார்க்கும் ஆர்வத்தையும், விளக்கை ஏந்தி நடக்கும் உறுதியையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!