கண்டெடுத்த நோட்டுப் புத்தகம்



நாவல் வாசிப்பதெல்லாம் வீண்பொழுது என்று சொல்லிவிட வேண்டாம். நல்ல கதை சில வேளை நம் மனச்சாட்சிக்குக் கண்ணாடியாகிறது. கிளேர் பூலி என்னும் ஆங்கிலேய மாது 2020-ம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஆதென்டிசிட்டி பிராஜெக்ட்' என்னும் நாவல் அப்படிப்பட்டது. மதுப்பழக்கத்தை விட்டு, அந்தப் போராட்டத்தை முதலில் பெயரை மறைத்தும் பின்பு வெளிப்படையாகவும் எழுதியவர் அவர்.

லண்டன் நகரில் ஜூலியன் என்னும் 79 வயதுச் சித்திரக்காரர் தனிமையில் வாடுகிறார். தம் உண்மையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, காப்பிக் கடையொன்றில் விட்டுச் செல்கிறார். கடைக்காரி மோனிக்கா அதை வாசிக்கிறாள். "ஐயோ பாவம்" என்று மூடி வைத்தாளா? இல்லை. தன் கடையில் சித்திரம் கற்பிக்க ஆசிரியர் தேவை என்று அவர் கண்ணில் படும்படி விளம்பரம் செய்து, அவரை மனிதர் நடுவே வரவழைக்கிறாள். தன் உண்மையையும் அதில் எழுதுகிறாள். புத்தகம் கைமாறுகிறது. போதைக்கு அடிமையான ஒருவன், கைக்குழந்தையோடு திண்டாடும் ஒரு தாய் என முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள்.

ஆனால் கவனியுங்கள்! மனைவி இறந்துவிட்டதாகச் சொன்ன ஜூலியன் முழு உண்மையைச் சொல்லவில்லை. அவள் உயிரோடிருக்கிறாள், அவருடைய நடத்தையைப் பொறுக்காமல் பிரிந்து போனவள். உண்மைக்கென்று திறந்த புத்தகத்திலேயே ஒரு பொய்! நாமும் பாவசங்கீர்த்தனத்தில் சின்னக் குற்றங்களை வரிசையாய்ச் சொல்லி, பெரியதைத் தொண்டைக்குள் நிறுத்திக் கொள்வதில்லையா? அர்ச். மோனிக்கம்மாளின் மகன் அகுஸ்தீன், மேற்றிராணியாரான பின்பும் தம் வாலிபத்தின் இழிவுகளை ஒளிக்காமல் எழுதினார். ஆகையால்தான் 1,600 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நூல் ஆத்துமங்களைத் தேற்றுகிறது.

தனிமை லண்டனுக்கு மட்டும் உரியதல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் அறிவித்தது. அவர் பூசைக்கும் வருகிறார். பூசை முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீடு திரும்புகிறார். அவருடைய நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் அகப்படும்வரை காத்திருக்க வேண்டுமா? அவர் முகத்திலேயே எழுதியிருக்கிறதே!

பெற்றோரே, வரும் ஞாயிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். புத்திமதி சொல்லப் போகாதீர்கள். ஒரு வேலையில் அவருடைய உதவியைக் கேளுங்கள். தான் வேண்டப்பட்டவன் என்று அறிகிற மனிதன் பாதிச் சுகம் அடைந்துவிட்டான். அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டான் என்றல்லவா ஆண்டவர் போதித்தார்?