அரசிறையும் கடற்கொள்ளையும்: வீழ்ந்த பேரரசின் உரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

வேற்றுக்கோள் ஒன்றில் தோன்றி விண்வெளியை ஆண்ட பேரரசு வீழ்ந்துபட, அதன் எஞ்சிய மக்கள் நாடும் நகரும் இழந்து, கலங்களையே இல்லமாகக் கொண்டு, வழிச்செல்லும் வணிகக் கலங்களைக் கொள்ளையிட்டு வாழ்வதாகப் புனையும் கதைகள் அறிவியல் புனைவிலக்கியத்தில் அரியன அல்ல. இவற்றைப் படிப்போர் பெரும்பாலும் கலங்களின் விரைவிலும் போரின் விறுவிறுப்பிலுமே கருத்தூன்றுவர். ஆயின் அக்கருவின் உள்ளே அறம் பற்றிய வினா ஒன்று கிடக்கின்றது. நேற்றுவரை அவ்வழியில் சென்றோரிடம் வரி வாங்கியவர்கள் இன்று அதே வழியில், அதே கலங்களில் நின்று, அதே வணிகரிடம் பொருள் கொள்கின்றனர். நேற்றுக் கொண்டது இறை. இன்று கொள்வது கொள்ளை. இடையில் மாறியது யாது?

இவ்வினாவிற்கு விடை காண விண்வெளிக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் சுமத்திராவின் பலெம்பாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்து மலாக்கா நீரிணையை ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசும், அது வீழ்ந்த பின்னும் அக்கடலிலேயே படகுகளில் வாழ்ந்த 'ஓராங் லாவுத்' எனப்படும் கடல் மக்களும், அவர்தம் துணையால் மீண்டும் மீண்டும் அரசமைத்த இளவரசர்களும் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறாக விட்டுச் சென்றுள்ளனர். தமிழாய்வுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. அப்பேரரசின்மீது விழுந்த பேரடிகளுள் ஒன்று 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படையால் விழுந்ததாகும்.

சிறுகலமும் பெருங்கலமும்

அரசுக்கும் கொள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வோர் மேலைநாட்டில் முதலில் எடுத்துக்காட்டுவது புனித அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் நான்காம் புத்தகத்தில் கூறும் நிகழ்ச்சியையே. பேரரசன் அலெக்சாந்தரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன் ஒருவன், தான் சிறிய கலத்தைக் கொண்டு செய்வதையே அரசன் பெரிய கடற்படை கொண்டு செய்கிறான் என்றும், பெயர் மட்டுமே வேறு என்றும் விடையிறுக்கிறான். நீதி நீங்கிய அரசு பெருங்கொள்ளைக் கூட்டமே என்பது அகுஸ்தீனின் கருத்து. விடை கூர்மையானதுதான். ஆனால் அது அரசனைக் கொள்ளையனின் நிலைக்கு இறக்குகிறதேயன்றிக் கொள்ளையனை விடுவிப்பதில்லை. படிப்போர் பலர் இதனை மறந்து கொள்ளையனின் பக்கம் நின்றுவிடுகின்றனர்.

கொடுங்கோன்மை அதிகாரத்தில் (குறள் 552) வள்ளுவர் இதற்கு நெருங்கிய ஒப்புமை ஒன்றைத் தருகிறார். செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை, வேல் ஏந்தி வழிமறித்துக் கேட்பவனோடு அவர் ஒப்பிடுகிறார். கலத்தின் அளவோ படையின் பெருமையோ இங்குப் பேசப்படவில்லை. கொள்ளும் முறையே பேசப்படுகிறது. அதே வள்ளுவர் பொருள்செயல்வகையில் (குறள் 756) சுங்கமாகிய உல்கினை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறார். ஆகவே சுங்கம் கொள்வது தன்னளவில் தீதன்று. கொடுங்கோன்மையே அதனை வேலுடையான் செயலாக்குகிறது. 'இறை' என்னும் ஒரே சொல் ஆள்வோனையும் அவன் கொள்ளும் வரியையும் குறிப்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆள்வோன் ஆளும் தொழிலைச் செய்யாவிடத்து அச்சொல்லின் ஒரு பொருள் கழன்று மற்றொன்று மட்டும் தனித்து நிற்கும்.

ஸ்ரீவிஜயம் கொண்டதும் கொடுத்ததும்

பருவக்காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டிய கலங்களுக்கு நன்னீரும் உணவும் சந்தையும் காவலும் அளித்தே ஸ்ரீவிஜயம் வளர்ந்தது. 671இல் சீனத்திலிருந்து இந்தியாவிற்குப் புறப்பட்ட பௌத்தத் துறவி இ-சிங் அங்கு ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியை லெய்டன் செப்பேடு தருகிறது.

பலெம்பாங்கில் கிடைத்த தெலாகா பாத்து கல்வெட்டு இன்னும் ஆழமான செய்தியைச் சொல்கிறது. ஏழு நாகத் தலைகள் கவிந்த அக்கல்லின்மீது வார்த்த நீரைப் பருகி அரசின் அலுவலர்கள் உறுதிமொழி ஏற்றனர் என்பது அறிஞர் கருத்து. மொழி பிறழ்வோர்மீது அது சாபமிடுகிறது. அதில் எண்ணப்படுவோருள் மரக்கலத் தலைவரும் வணிகரும் உள்ளனர். கடற்கொள்ளையன் சூளுறவுக்குப் புறம்பானவன், அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டுவதில்லை என்று ரோம அறிஞர் சிசரோ 'கடமைகள்' என்னும் நூலில் எழுதினார். ஸ்ரீவிஜயமோ கடலோடிகளைச் சூளுறவுக்குள் கொணர்ந்தது. துறைமுக வருவாயில் பங்கு தந்து கடல் மக்களைக் கொள்ளையிலிருந்து மீட்டுக் காவலராக்கியதே அப்பேரரசின் அடிப்படை என ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ் போன்ற ஆய்வாளர் விளக்குவர்.

எனினும் இக்காவலின் மறுபுறத்தை மறைத்தல் நேர்மையாகாது. 1225இல் எழுதிய சீன அலுவலர் சாவ் ருகுவா, துறைக்குள் வராமல் கடந்து செல்லும் கலங்களை ஸ்ரீவிஜயத்தார் உயிரைப் பொருட்படுத்தாது கூடித் தாக்குவர் என்கிறார். அவரே, பிற கொள்ளையர் நுழையாதவாறு முற்காலத்தில் அங்கு இரும்புச் சங்கிலி கட்டித் தடுத்திருந்ததையும் குறிப்பிடுகிறார். சங்கிலி கட்டியோரும் கடந்து சென்றாரைத் தாக்கியோரும் ஒரே அரசைச் சேர்ந்தவர்களே! பேரரசு நிலைத்திருந்த நாளிலும் அதன் சுங்கத்துள் வேல் மறைந்திருந்தது.

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இவ்வகையில் தனித்த ஆர்வத்திற்குரியது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும் அவன் பெருநிதியைக் கவர்ந்ததையும் பாடும் அது, எங்கும் அவனைக் கள்வன் எனவில்லை. அந்நிதியைக் குறிக்கும் தொடரைக் கல்வெட்டறிஞர் ஹுல்ச், அம்மன்னன் முறைப்படி ஈட்டியது என்னும் பொருள்பட மொழிபெயர்த்துள்ளார். அப்பொருள் ஏற்கப்படுமாயின், மாற்றான் நேர்மையாக ஈட்டியதைக் கவர்ந்தோம் என்பதே பெருமையாகப் பாடப்பட்டுள்ளது எனல் வேண்டும். ஸ்ரீவிஜயம் சோழர் வணிகத்திற்கு இடையூறு செய்திருக்கலாம் என்னும் காரணத்தைப் பிற்கால வரலாற்றாசிரியரே தேடினர்; அவருள் நீலகண்ட சாத்திரியார் திசைவெற்றி வேட்கையையே மிகுதியும் ஏற்புடைய காரணமாகக் கருதினார். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்திலும் இதனை ஒத்த நிலை உண்டு. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து கடம்பு அறுத்தபோது அம்மரத்தைக் காத்தோர் பகைவராகவே பேசப்படுகின்றனர். முசிறியருகே கொள்ளையர் உண்டென்ற பிளினியின் குறிப்பை இணைத்து அவர்களைக் கடற்கொள்ளையராக்கியது பிற்கால ஆய்வே. வென்றவன் பழிப்பெயர் சூட்டாதவிடத்தும் பின்வந்தோர் சூட்டிவிடுகின்றனர்.

நெய்தலின் பாலை

முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் வேனிலின் வெம்மையால் வளங்கெட்டு இயல்பு மாறும்போது அவையே பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் விளக்கம். அதற்கு இளங்கோவடிகள் காட்டும் உவமை, அரசனும் அவன் வினைசெய்வாரும் கோணியதால் ஆட்சி இழந்த நாடு. ஆறலைப்போர் தனி இனத்தவர் அல்லர், நிலத்தின் கேட்டால் அந்நிலைக்கு வந்தவர் என்னும் பார்வைக்கு இது இடந்தருகிறது. கடற்கொள்ளையையும் அவ்வாறே நெய்தலின் பாலை எனலாம். இவ்வுவமையில் கேட்டின் காரணம் இரண்டாக நிற்பது கருதத்தக்கது. நிலத்தைச் சுடுவது வெளியிலிருந்து வரும் வெயில். நாட்டைக் கெடுப்பது உள்ளிருக்கும் அரசனின் கோணல். மலாக்கா நீரிணையின் வரலாற்றில் இரண்டையும் காண்கிறோம்.

பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய வாங் தாயுவான், மேற்கே செல்லும் கலங்களை விட்டுவிடும் நீரிணை மக்கள், சரக்கோடு திரும்பும் கலங்களைக் கரிமூன் அருகே இருநூறு முந்நூறு படகுகளில் வந்து வளைப்பர் என்றும், மாலுமிகள் முன்கூட்டியே அம்புத் தட்டிகளை உயர்த்துவர் என்றும் கூறுகிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஸ்ரீவிஜயம் முற்றும் அழிந்தது. பலெம்பாங்கைக் கைக்கொண்டிருந்த சீனக் கொள்ளையன் சென் சூயியை 1407இல் செங் ஹோவின் கடற்படை பிடித்துச் சென்றது. அப்போரில் 5000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் சீனக் குறிப்புகள் கூறும்.

அதே காலப்பகுதியில் பலெம்பாங் இளவரசன் பரமேசுவரா சிங்கப்பூர் வந்து, அங்கிருந்த தலைவனைக் கொன்று, பின்னர்த் துரத்தப்பட்டு மலாக்காவை நிறுவினான். மீன்பிடித்தும் கொள்ளையடித்தும் வாழ்ந்த நீரிணை மக்கள் அவனுக்குத் துணைநின்றனர் என்றும், அதற்கு ஈடாக உயர்குடிப் பட்டம் பெற்றனர் என்றும் போர்த்துகீசியரான தோமே பிரஸ் எழுதுகிறார். நேற்றைய கொள்ளையர் இன்றைய பிரபுக்களாயினர். அவர்கள் குருதி மாறவில்லை, படகும் மாறவில்லை. துறை ஒன்று அமைந்தது, வருவோருக்கு நீரும் சந்தையும் காவலும் கிடைத்தன. கொண்ட பொருளுக்கு ஈடாகக் கொடுக்க ஏதேனும் இருந்தபோது அது சுங்கமாயிற்று.

இதிலிருந்து பெறப்படுவது, சுங்கம் கொள்ளும் உரிமை குருதிவழிச் சொத்தன்று, காக்கும் தொழிலுக்குரிய ஊதியமே என்பது. அத்தொழில் நின்றபின், முன்னோர் ஆண்ட கடல் இது என்னும் நினைவு எத்துணை உண்மையாயினும், வழிப்போக்கனின் சரக்கின்மீது உரிமை தாராது. கரிமூன் அருகே தட்டி உயர்த்திய மாலுமிக்குத் தன்னை வளைப்போரின் முன்னோர் யார் என்பது பொருட்டன்று. கொள்ளையில் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டோர் பெரும்பாலும் எளிய மீனவரும் படகோட்டிகளுமே. அவர்கள் எப்பேரரசையும் வீழ்த்தியவர் அல்லர். வீழ்ந்தோரின் துயரைப் பாடும் புனைவுகள் இவர்களை எண்ணுவதே இல்லை.

பெயரிடும் உரிமை

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் சுல்தான் மரபு கடல் மக்களின் படகுகளையே நம்பி இடம்பெயர்ந்து ஜொகூரில் நிலைகொண்டது. 1603இல் ஜொகூர்க் கரையருகே, அவ்வரசின் துணையோடு, டச்சுத் தலைவன் ஹீம்ஸ்கெர்க் 'சாந்தா கத்தரீனா' என்னும் போர்த்துகீசியக் கலத்தைக் கைப்பற்றினான். அதன் சரக்கு 30 லட்சம் கில்டருக்கு மேல் விலைபோயிற்று. அச்செயலை முறையான போர்ப்பேறு என நிறுவவே ஹியூகோ குரோட்டியஸ் எழுதலானார். 1609இல் வெளிவந்த அவருடைய 'தடையற்ற கடல்' அம்முயற்சியின் ஒரு பகுதி. ஒரே கடலில் ஒரே வகைச் செயலுக்கு ஒருவருக்குச் சட்ட நூலும் மற்றவருக்குத் தூக்குக் கயிறும் கிடைத்தன.

உள்ளிருந்து வந்த கேடு 1699இல் நிகழ்ந்தது. ஜொகூர் சுல்தான் மகமூத் தம் பிரபுக்களால் கொல்லப்பட, பலெம்பாங் வழிவந்த மரபு அற்றது. பெந்தகாரா அரியணை ஏறினார். கடல் மக்கள் தம் சூளுறவு அம்மரபோடு செய்யப்பட்டதாகக் கருதியதால் பலர் விலகினர். சிலர் கொள்ளைக்குத் திரும்பினர். கொல்லப்பட்டவரின் மகன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட ராஜா கெச்சிலுக்கு 1718இல் அவர்கள் துணைநின்றமை, அவர்கள் தேடியது பொருளை மட்டுமன்று என்பதைக் காட்டும்.

1824இல் பிரித்தானியரும் டச்சுக்காரரும் செய்த உடன்படிக்கை ஜொகூர்-ரியாவ் அரசை நடுவே பிளந்து இருவருக்கும் பங்கிட்டது. அதே உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு கடற்கொள்ளையை ஒழிக்க இருவரும் ஒத்துழைப்பர் என்றது. காக்கும் தொழிலைப் பறித்த ஆவணமே, அத்தொழிலின்றி வாழ்வோரைக் குற்றவாளிகளாகவும் அறிவித்தது. கொள்ளையில் மாண்டோரின் பழியில் ஒரு பங்கு அவ்வாவணத்திற்கும் உண்டு. எனினும் அப்பங்கு கொள்ளையிட்டவனின் பங்கைக் குறைப்பதில்லை. பழி என்பது ஒருவர் கூடுதலாகச் சுமந்தால் மற்றவருக்குக் குறையும் சுமையன்று.

1836இல் பிரித்தானியப் போர்க்கலம் 'ஆந்த்ரொமேக்கி' காலாங் தீவின் குடியிருப்புகளை எரித்தது. அக்காலத்தில் சிங்கப்பூர் வணிகரால் கொள்ளையரின் புரவலர் என ஐயுறப்பட்டவர் ஜொகூரின் தெமெங்கோங் இப்ராகிம். பத்தாண்டுகளுக்குப் பின், 1846இல், கடற்கொள்ளையை அடக்க உதவியமைக்காக ஆளுநர் பட்டர்வொர்த் அவருக்கு வாள் ஒன்றைப் பரிசளித்தார். அதற்குள் தெமெங்கோங்கின் ஆட்களுள் பலர் படகை விட்டுக் காடுகளில் கட்டாப்பர்ச்சா மரப்பால் திரட்டும் வேலைக்குச் சென்றிருந்தனர்.