முழங்காலும் சிகரமும்

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் சுமார் 3,550 படிகளில், மேற்பகுதியிலுள்ள செங்குத்தான ஏற்றத்திற்குத் தெலுங்கில் முழங்காலை ஒட்டியே பெயர் வழங்குகிறது. மலையே ஆதிசேஷனின் வடிவம், அதன்மீது பாதம் படலாகாது என்று ஸ்ரீராமானுஜர் முதலில் அடிவாரத்திலேயே நின்றுவிட்டார். தாம் ஏறாவிட்டால் பிறரும் ஏறத் தயங்குவர் என்று அன்பர்கள் வேண்டவே, முழங்காலால் ஏறினார் என்பது மரபு.

பாதம் படலாகாது என்றால் முழங்கால் மட்டும் படலாமா? தர்க்கவாதி இப்படிக் கேட்கக்கூடும்.

இதே கேள்வி பனிமலையிலும் எழுந்தது. 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்களித்து, 1955-இல் சார்லஸ் எவான்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று ஏறியது. பனியாறுகளையும் கடைசிப் பாறைப் பிளவையும் கடந்த ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், மே 25 அன்று உச்சிக்குச் சில அடிகள் கீழே நின்றுவிட்டனர். எஞ்சியிருந்தது எளிய பனிச்சரிவுதான். கண்காணிக்க எவருமில்லை, அந்த நம்பிக்கை அவர்களுடையதும் அன்று. மலை முழுவதையும் மிதித்தவர்கள் சில அடிகளை விட்டுவைத்ததில் என்ன பொருள்?

புனிதம் அந்தச் சில அடிகளில் மட்டும் இல்லை என்பது உண்மையே. ஆனால் ‘என்னால் முடியும்’ என்பது ‘எனக்கு உரிமை உண்டு’ என்று ஓசையின்றி மாறிவிடும் இடம் அதுவே. ராமானுஜர் பிறர்பொருட்டு ஏறவேண்டியிருந்தது. இவர்கள் பிறர்பொருட்டு நிற்கவேண்டியிருந்தது. நிற்பதுதான் கடினம் போலும். அத்தனை நாள் உழைப்பும் மேல்நோக்கியே உந்துகிறதல்லவா!

மறுநாள் நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரேதரும் ஏறி வந்தனர். அவர்களும் உச்சியை மிதிக்கவில்லை.