வீட்டு வியாபாரத்தில் இறங்கும் வாலிபர்களுக்கு

மலேசியாவில் வீடு, நிலம் வியாபாரத்தில் புதிதாக இறங்குவோர் சிலர் ஒரு வழி சொல்கிறார்கள். சிறிது முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கிரயம் முடியுமுன்னரே அதனை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவதாம். கைமுதலே வேண்டாமாம்!

கைவசமில்லாததை விற்காதீர் என்ற நபிமொழி ஒருபுறமிருக்க, அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், விற்பவர் விலை அறியாததிலிருந்து. சரக்கோடு வரும் வணிகரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் பேரத்தை முறிக்கவும் உரிமை அளித்தார்கள்.

ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசப்பட்டது. அவர்களோ, "இது அதற்கு மேல் பெறும்" என்று தாமே விலையை ஏற்றி 800 கொடுத்தார்கள். நம்மில் யார் செய்வோம்?

வாங்கி 3 ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி என்பதையும் கணக்கில் வையுங்கள். விற்பவர் விதவையாயின், கிராண்டில் யார் பெயர் உள்ளது, மற்ற வாரிசுகள் யார் என்று விசாரியுங்கள். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போயிற்று என்பதை நீங்களே சொல்லுங்கள். கைமாற்றப் போவதையும் மறைக்காதீர்கள். அதன் பிறகும் அவர் சம்மதித்தால் எழுதுங்கள்.